ஆறுக்கு மூன்று

மன்னார்குடியிலிருந்து கூத்தாநல்லூருக்கு
ஆறுக்கு மூன்றில் ஒரு கண்ணாடி.
லோடு ஆட்டோவின் பின்பக்கம், கிழிந்த மெத்தைமேல்
அதை நிமிர்த்திப் பிடித்தபடி நான்.
அதன் முகம் சாலைக்கு.
எனக்கு வாய்த்தது பூச்சடித்த முதுகு.

வேதரத்தினம் நாற்பதில் ஓட்டினார்.
டீக்கடை வாசலில் நின்றவர்கள்
கிளாஸைக் கீழே வைக்காமல் பார்த்தார்கள்.
நின்றபடியே
எண்பதில் ஓடிக்கொண்டிருந்தார்கள் உள்ளே.
கண்ணாடி ஒரு அடி நகர்ந்தால்
உருவம் இரண்டு அடி நகரும்.
பாலிடெக்னிக்கை விட்டுவந்த பிறகும்
என்னை விடாத கணக்குகளில் இது ஒன்று.

நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல்கள்
இரண்டு பக்கமும் மல்லாந்து கிடந்தன.
மின்கம்பங்களைத் தலைகீழாக நட்டிருந்தார்கள்.
அந்தக் கண்ணாடிக்கு ஆணி வேண்டாம்,
வரப்பு போதும்.
ஒரு தவளை குதித்தால்
வானம் பழையபடி ஆக
அரை நிமிடம்.

லெட்சுமாங்குடி தாண்டுமுன்
ஒரு டிவிஎஸ்காரன் ஒட்டிக்கொண்டான்.
எட்டடி இடைவெளி, எங்கள் வேகமே அவன் வேகம்.
விளிம்பு வழியாக எட்டிப் பார்த்தேன்:
ஒற்றைக் கையில் ஹேண்டில்பார்,
மற்றதில் சீப்பு.
எட்டடி பின்னால் வருபவன்
எட்டடி முன்னால் இருந்தாக வேண்டும்.
கணக்குப்படி அவன் அப்போது
வேதரத்தினத்தின் மடியில்
தலை வாரிக்கொண்டிருந்தான்.
அவருக்குத் தெரியாது. பீடி கேட்டார்.

வெண்ணாற்றுப் பாலத்தில் வெயில் மாட்டியது.
எதிர்க்கரையில் துணி துவைத்தவள்
கையால் கண்ணை மறைத்து
எங்கள் மூன்று பேரையும் திட்டினாள்.
மூன்றாவது ஆள் யாரென்று
நான் இன்னமும் யோசிக்கிறேன்.

ரொகையா லேடீஸ் டெய்லர்.
இறக்கும்போதே சொல்லிப் பார்த்தேன்:
'முழு உருவம் தெரிய
ஆள் உயரத்தில் பாதி போதும் அக்கா.
மூன்றடியில் முடித்திருக்கலாம், காசு மிச்சம்.'
வாயிலிருந்த குண்டூசியை எடுக்காமலே சொன்னார்:
'உன் பாதி யாருக்குப் பாதி?
நாலரை அடியும் வரும், ஆறடியும் வரும்.
ஆளுக்கு ஆள் ஆணியைப் பிடுங்கி அடிப்பாயா?'

அடித்தேன்.
அவர் நான்காவது டைலின் விளிம்பில் நின்று
மேலே, கீழே, கொஞ்சம் உன் பக்கம் என்றார்.
இடது தோளில் கிடந்த அளவு நாடா
உள்ளே வலது தோளில் கிடந்தது.
டைல் ஒன்று ஓரடி.

அப்போதுதான் பக்கத்து உரக்கடையில் சத்தம்:
'யாரய்யா அது, காரை விழுகிறது.'
சுற்றிக்கொண்டு ஓடினேன்.
அதே சுவரின் அந்தப் பக்கம்.
யூரியா மூட்டைகள், எலிப்புழுக்கை,
சாக்கில் அச்சடித்த மஞ்சள் சூரியன்.
விழுந்தது கையளவு காரைதான்.
கடைக்காரர் அதைப் பெருக்கும் சாக்கில்
என்னையும் பெருக்கப் பார்த்தார்.

டேப்பை இழுத்தேன்.
நாலடியில் சுவர் முக்கால் அடி,
மீதி மூன்றேகால்.
இரண்டாம் அடுக்கின் மேல், மூட்டைகளுக்கு நடுவே
ரொகையா நிற்க வேண்டிய இடம்
இது.
இருட்டு. உப்பும் அமோனியாவும்.
ஒரு கதிரும் இங்கே வந்ததில்லை.
பூச்சில் முட்டித் திரும்பியவை
அங்கேயே கண்ணுக்குள் போய்
'நாங்கள் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம்'
என்று சொல்லிவிடுகின்றன.
கண் விசாரிப்பதில்லை.
வந்த வழியை நேராக நீட்டிப்
போய்ச் சேரும் இடத்தில் ஒரு ஆளை நிறுத்திவிடுகிறது.

மாய பிம்பத்தைத் திரையில் பிடிக்க முடியாது
என்று இரண்டு மார்க்குக்கு எழுதியிருக்கிறேன்.
எதற்கும் இருக்கட்டும் என்று
சட்டைப்பையில் இருந்த பில்லை விரித்து
அந்த இடத்தில் பிடித்தேன்.
பாக்கி எண்ணூறு
என்பது மட்டும் விழுந்திருந்தது.

சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது:
'தம்பி, இப்போது சரியாக இருக்கிறது.
அசைக்காதே.'

மூட்டைகளுக்கு நடுவே
நான் கொஞ்ச நேரம்
அசையவில்லை.